முதல் தட்டு உங்கள் அடுப்பிலிருந்து வரட்டும்

வீட்டு விசேஷங்களுக்கு விருந்து வைக்கும் இளம் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இளம் குடும்பத்தாருக்கு,

சென்ற சில ஆண்டுகளில் உங்கள் வீடுகளுக்கு விருந்தாளியாக நிறையவே வந்திருக்கிறேன். புதுமனை புகுவிழா, குழந்தையின் முதல் பிறந்தநாள், வளைகாப்பு, வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் தம்பிக்கு வழியனுப்பு என்று ஏதாவது ஒரு விசேஷம். வாசலில் கோலம் போட்டிருப்பீர்கள். கூடத்தில் விளக்குச் சரம் தொங்கும். "வாங்க, வாங்க" என்று கையைப் பிடித்து நீங்கள் உட்கார வைக்கும்போதே பாதி வயிறு நிறைந்துவிடும்.

பிறகு ஒரு தட்டு வரும். ஆறிப் பிசுபிசுத்துப் போன கோபி மஞ்சூரியன், பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டிய சோளச் சிப்ஸ், ஓரத்தில் புட்டியிலிருந்து பிதுக்கிய தக்காளி சாஸ். போன வாரம் வேறொரு வீட்டில் தின்றதும் இதுவேதான். இத்தனை ஆசையாக அழைத்த உங்கள் கை அந்தத் தட்டில் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் தேடுகிறேன்.

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். இருவரும் வேலைக்குப் போகிறீர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பதில்லை. முப்பது பேருக்குச் சாம்பார், கூட்டு, பாயசம் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வராது. சாப்பாட்டைச் சமையல்காரரிடமே விட்டுவிடுங்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. வீட்டுக்கு வந்தவர் வாயில் வைக்கும் முதல் பண்டம் உங்கள் அடுப்பிலிருந்து வரட்டும். அதற்குப் பெரிய அடுப்போ அரிய பொருளோ வேண்டாம். அரிசி மாவும் தக்காளியும் போதும். வீட்டில் சுட்ட மெல்லிய தட்டுவடை, அதன் மேல் கொஞ்சம் தக்காளி. ஒரே வாய்க்கு அடங்கும் பண்டம். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் சேலத்தில் குகை என்ற பகுதியில் வளர்ந்தவள். எங்கள் ஊரில் பொழுது சாய்ந்தால் தெருமுனைகளில் தட்டுவடை செட் வண்டிகள் வந்து நின்றுவிடும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: உள்ளங்கையைவிடச் சிறிய ஒரு தட்டுவடை, அதன் மேல் பச்சைச் சட்னி, காரமான சிவப்புச் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம், எல்லாவற்றையும் மூடி மேலே இன்னொரு தட்டுவடை. அப்படியே எடுத்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்ததும் மொறுமொறுவென்று உடையும். உடைந்த இடத்திலிருந்து சாறும் காரமும் வரும். இந்த இரண்டும் ஒரே கணத்தில் நடப்பதுதான் அதன் ருசி.

எட்டு வயதில் அப்படியொரு வண்டிக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டேன். கூட்டம் நெருக்குகிறது, பிள்ளைகள் கைநீட்டிக்கொண்டு நிற்கிறோம், முன்கூட்டியே நூறு செட் அடுக்கி வைத்துவிட்டால் சீக்கிரம் கொடுத்துவிடலாமே என்று. கையை நிறுத்தாமல் அவர் சொன்னார்: "போட்டு வெச்சா நமத்துப் போயிரும் கண்ணு. கேட்டதுக்கு அப்புறந்தான் போடோணும்."

இந்த மடலில் சமையல் நுட்பம் என்று நான் சொல்லப்போகும் அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடக்கம். அதன் பொருளை நான் முழுதாக உணர இருபது வருடம் ஆயிற்று.

சென்னைக்குக் குடிவந்த பிறகு, என் மகளின் பிறந்தநாளுக்கு முதன்முறையாக இந்தப் பண்டத்தை வீட்டில் செய்தேன். காலையிலேயே தட்டுவடை சுட்டு முடித்தாயிற்று. மாலை ஆறு மணிக்கு விருந்தினர் வருவார்கள். வந்த பிறகு சமையலறையில் நிற்கக்கூடாது என்று நினைத்து, நான்கு மணிக்கே எண்பது தட்டுவடைகளையும் பரப்பி, மேலே தக்காளியை நறுக்கி வைத்து, கொத்தமல்லி தூவி, துணி போட்டு மூடிவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஆறரை மணிக்குத் தட்டை நீட்டியபோது என் மாமியார்தான் முதலில் எடுத்தார். எடுத்த கையிலேயே தட்டுவடை ஈரத் துணிபோல மடிந்தது. தக்காளி அவர் புடவையில் விழுந்தது. அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு காரம் சரியா இருக்கும்மா" என்றார். அன்றிரவு மிஞ்சியதையெல்லாம் குப்பையில் கொட்டும்போது வண்டிக்காரர் சொன்னது காதில் விழுந்தது. என் கையால் கெட்ட அந்த மாலை உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம்.

ஏன் நமத்துப் போகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எண்ணெயில் போட்டதும் தட்டுவடையைச் சுற்றிக் குமிழ்கள் கிளம்பிச் சலசலக்கின்றனவே, அது மாவிலிருந்த நீர் ஆவியாகி வெளியேறும் சத்தம். நீர் போய்விட்டால் மாவுச்சத்து கண்ணாடிபோல இறுகி நிற்கும். அந்த இறுக்கம் உடைவதைத்தான் மொறுமொறுப்பு என்கிறோம். திரும்ப நீர் பட்டால் அது குழைந்துவிடும். கடலோர ஊர்களில் காற்றின் ஈரமே போதும். தக்காளியோ நூற்றில் ஏறக்குறைய 94 பங்கு தண்ணீர். அதை நறுக்கி உப்புப் போட்டால், உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். ஆக, காய்ந்த பண்டத்தின் மேல் ஒரு கைப்பிடித் தண்ணீரை உட்கார வைக்கப் பார்க்கிறோம். இதற்கு மூன்று வழி செய்ய வேண்டும்: தட்டுவடையில் ஈரம் மிச்சமில்லாமல் சுடுவது, தக்காளியின் நீரை முன்கூட்டியே வடிப்பது, இரண்டுக்கும் நடுவே எண்ணெய்ப் பசையுள்ள ஒரு பூச்சு தடவுவது. இந்த மூன்றும் சரியாக இருந்தாலும் கடைசி நிமிடத்தில்தான் சேர்க்க வேண்டும்.

தட்டுவடையிலிருந்து தொடங்குவோம். இருபது பேருக்கு ஆளுக்கு நான்கு என்று வைத்து, உடைவதற்கும் பிள்ளைகள் நடுவில் எடுப்பதற்கும் சேர்த்து நூறு வேண்டும். அரைக் கிலோ அரிசி மாவு, வறுத்து அரைத்த உளுத்தம் மாவு 50 கிராம், பொட்டுக்கடலை மாவு 50 கிராம், வெண்ணெய் 50 கிராம். பெருங்காயம், கொஞ்சம் எள், கொஞ்சம் மிளகாய்த்தூள். உப்பைக் கை குறைத்துப் போடுங்கள், மேலே வரும் தக்காளியிலும் உப்பு இருக்கும். வழக்கமான தட்டையில் போடும் ஊறிய கடலைப் பருப்பை இதில் சேர்க்காதீர்கள். பருப்பு இருக்கும் இடம் மேடாகிவிடும், மேலே வைப்பது நிற்காது, கடிக்கும்போது அந்த இடத்திலேயே பிளக்கும்.

வெண்ணெயை முதலில் உலர்ந்த மாவில் போட்டு விரல் நுனியால் நன்றாகப் பிசறுங்கள். கைப்பிடியில் அள்ளி அழுத்தினால் கொழுக்கட்டைபோல நின்று, தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம் வந்தால் வெண்ணெய் போதும். அதற்கு மேல் போனால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரையும். மாவு முழுவதற்கும் ஒரேயடியாகத் தண்ணீர் விடாதீர்கள். கால் பங்காகப் பிரித்து அவ்வப்போது பிசையுங்கள். மாவு பிசைந்து நேரம் ஆக ஆகத் தட்டுவடை சிவந்து போகும், எண்ணெயும் குடிக்கும். எங்கள் அம்மா இதற்காகவே பக்கத்தில் ஒரு ஆளை மாவு பிசைய மட்டும் உட்கார வைப்பார்.

அரைநெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, எண்ணெய் தடவிய இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து, தட்டையான அடியுள்ள டம்ளரால் ஒரு அழுத்து. மூன்று விரல் அகலம் வந்தால் போதும். அதைவிடப் பெரிதானால் இரண்டு கடியாகும். இரண்டு கடியானால் மேலே வைத்தது சட்டையில் விழும். வட்டத்தில் முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்திவிடுங்கள். குத்தாவிட்டால் பூரிபோல உப்பும், உப்பியதன் மேல் எதுவும் உட்காராது.

எண்ணெய் நடுத்தரச் சூட்டில் இருக்கட்டும். துளி மாவைக் கிள்ளிப் போட்டால் அடியில் போய்ச் சற்றுப் பொறுத்து மேலே வர வேண்டும். போட்ட நொடியில் பாய்ந்து மேலே வந்தால் சூடு அதிகம், வெளியே சிவந்து உள்ளே ஈரம் தங்கிவிடும். நிறத்தைவிடச் சத்தத்தை நம்புங்கள். சலசலப்பு முழுதாக அடங்கிய பிறகே எடுங்கள். அவசரப்பட்டு எடுத்த தட்டுவடை அன்றைக்கு மொறுமொறுப்பாகத்தான் இருக்கும். மறுநாள் வேறு முகம் காட்டும்.

எடுத்ததைத் தாளில் பரப்பி முழுக்க ஆற விடுங்கள். வெதுவெதுப்போடு டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே வியர்த்துவிடும். ஆறிய பிறகு காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் போட்டால் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். எனவே இந்த வேலையை விசேஷத்துக்கு மூன்று நாள் முன்பே, ஒரு இரவில், இரண்டு பேராக முடித்துவிடலாம். ஒருவர் தட்டட்டும், ஒருவர் சுடட்டும். ஒன்றரை மணி நேர வேலை.

இனி தக்காளி. இங்கே இரண்டு வகை வாங்கச் சொல்வேன். மேலே வைப்பதற்குக் கெட்டியான, சதை தடித்த, நீள்வட்டமான ஹைபிரிட் தக்காளி ஒன்றரைக் கிலோ. பெங்களூர்த் தக்காளி என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். பூச்சுக்கு நாட்டுத் தக்காளி அரைக் கிலோ. நாட்டுத் தக்காளிக்குத் தோல் மெல்லிசு, சாறும் புளிப்பும் அதிகம். நறுக்கி வைத்தால் ஓடிவிடும், வதக்கினால் அதன் ருசிக்கு ஈடில்லை. ஒவ்வொன்றையும் அதற்கேற்ற வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கிய தக்காளியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் தக்காளியின் மணம் மங்கிப் போகிறது. காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரு தட்டில் பரப்பி, நிழலில் வையுங்கள்.

கெட்டித் தக்காளியைக் குறுக்கே பாதியாக வெட்டி, விதையையும் கூழையும் கரண்டியால் வழித்து ஒரு கிண்ணத்தில் சேருங்கள். கூழைக் கொட்டிவிடாதீர்கள். நாக்கில் தங்கும் அந்தச் சுவைக்குக் காரணமான குளூட்டமேட், சதையைவிட விதையைச் சுற்றியுள்ள கூழில்தான் அதிகம் இருக்கிறது. அது பூச்சுக்கான தொக்குக்குப் போகட்டும். மிஞ்சிய சதையைப் பட்டாணி அளவுக்கு ஒரே சீராக நறுக்குங்கள். பார்வைக்கு அழகு வருவது இங்கேதான். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் எத்தனை தூவினாலும் அது சாலட் மாதிரிதான் தெரியும். நறுக்கியதில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கலந்து, சல்லடையில் போட்டு, கீழே பாத்திரம் வைத்து இருபது நிமிடம் விடுங்கள். ஒரு டம்ளருக்குக் குறையாமல் இளஞ்சிவப்பு நீர் இறங்கும். நான் எண்பது தட்டுவடைகளின் மேல் ஊற்றிய தண்ணீர் அதுதான். அதை அடுத்த நாள் ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டுத் தக்காளியையும் எடுத்து வைத்த கூழையும் நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, மிளகாய்த்தூள், பெருங்காயம், ஒரு சிட்டிகை வெல்லம் சேர்த்துச் சிறு தீயில் சுண்ட வையுங்கள். அரைமணி நேரம் ஆகும். கரண்டியால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும், ஓரத்தில் எண்ணெய் பிரிந்திருக்க வேண்டும். இந்தத் தொக்குதான் நடுவே தடவும் பூச்சு. இதில் நீர் கொஞ்சம், எண்ணெய் கூட. தட்டுவடைக்கும் தக்காளிக்கும் நடுவே வேலிபோல நிற்கும். பிரெஞ்சுக்காரர்கள் கனாப்பே என்று ஒரு பண்டம் செய்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு அவர்கள் மொழியில் சோபா என்று பொருள், ரொட்டித் துண்டின் மேல் மற்றவை சாய்ந்து உட்காருவதால் அந்தப் பெயர். அவர்களும் ரொட்டியில் முதலில் வெண்ணெயைத் தடவிவிட்டுத்தான் ஈரமுள்ளதை வைக்கிறார்கள். கத்தலோனியாவில் தக்காளியை வெட்டி ரொட்டி மேல் தேய்த்து அப்போதே தின்கிறார்கள். இத்தாலியில் புருஸ்கெட்டா என்ற சுட்ட ரொட்டியைச் சூட்டோடு கொடுக்கிறார்கள். எங்கே போனாலும் ஈரத்துக்கும் மொறுமொறுப்புக்கும் நடுவே நடக்கும் இந்தப் பந்தயம் ஒன்றுதான். எங்கள் வண்டிக்காரர் அதைத் தெருமுனையில் தினம் நூறு தடவை ஜெயித்தார்.

என் சமையலறையில் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். நறுக்கிய தக்காளியை நேராக வைத்தால் ஐந்து நிமிடத்தில் தட்டுவடை தளரத் தொடங்குகிறது. தொக்கைத் தடவி, வடித்த தக்காளியை வைத்தால் கால் மணி நேரம் தாங்குகிறது. அந்தக் கால் மணி நேரம்தான் உங்கள் கையில் இருக்கும் அவகாசம். ஆகவே மொத்தத்தையும் ஒரே நேரத்தில் அடுக்க வேண்டாம். பன்னிரண்டு, பதினைந்தாக அடுக்குங்கள். ஒரு தட்டு கூடத்தைச் சுற்றி வரும்போது அடுத்த தட்டு தயாராகட்டும்.

அடுக்கும் முறை எளிது. தட்டுவடை மேல் கால் தேக்கரண்டி தொக்கு, அதை ஓரம்வரை இழுக்காமல் நடுவே மட்டும். அதன் மேல் ஒரு தேக்கரண்டி தக்காளி. அதன் மேல் மொறுமொறுப்பாகப் பொரித்த ஒரு கறிவேப்பிலை, அல்லது ஒன்றிரண்டாக உடைத்த வறுத்த வேர்க்கடலை, அல்லது ஒரே ஒரு கொத்தமல்லி இலை. மூன்றையும் சேர்த்துப் போடாதீர்கள். நேர்த்தி என்பது எங்கே நிறுத்துவது என்று தெரிவது. மேலே எதையும் குவிக்க வேண்டாம். ஒரு சிவப்பு, ஒரு பச்சை, அடியில் பொன்னிறம், கண்ணுக்கு அது போதும். தட்டில் வாழையிலை விரிப்பதானால் ஈரம் போகத் துடைத்துவிட்டு விரியுங்கள். இலையில் நிற்கும் தண்ணீரும் தட்டுவடைக்குப் பகைதான்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. இந்தப் பண்டத்தில் வெங்காயமும் பூண்டும் கட்டாயம் இல்லை. விரத நாளில் வரும் பெரியம்மாவும் தயங்காமல் எடுக்கலாம். பல் பலவீனமான தாத்தாவுக்கு அதே தொக்கையும் தக்காளியையும் சின்ன இட்லி மேல் வைத்துத் தனித் தட்டில் கொடுங்கள். அவர் மட்டும் வெறும் கையோடு உட்கார்ந்திருக்கக்கூடாது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர் யாராவது இருக்கிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் தொக்கின் காரம் அதிகம் என்றால், ஜவ்வரிசி வடாம் பொரித்து அவர்கள் பக்கத்தில் வையுங்கள். சேலமும் அதைச் சுற்றிய மரவள்ளி வயல்களும்தான் ஜவ்வரிசிக்குப் பேர் போனவை. அங்கே அதற்கென்றே சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் 1981-இல் தொடங்கப்பட்டது. வடாம் மேல் தக்காளி வைக்க முடியாது, அது அவ்வளவு மெல்லிசு. ஆனால் தொக்கில் தொட்டுத் தின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடித்தது கிடையாது.

அடுக்கும் வேலையை ஒருவர் தலையில் கட்டாதீர்கள். முக்கியமாக, வீட்டுப் பெண் மட்டும் சமையலறையில் நிற்க, மற்றவர்கள் கூடத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் விருந்து வேண்டவே வேண்டாம். தொக்கு, தக்காளி, இலை மூன்றையும் கிண்ணங்களில் எடுத்துக் கூடத்து மேசைக்கே கொண்டு வாருங்கள். எங்கள் ஊர் வண்டி தெருமுனையில்தானே நிற்கிறது? ஒருவர் தொக்கு தடவட்டும், ஒருவர் தக்காளி வைக்கட்டும். வந்தவர் முன்னாலேயே செய்து, கையில் கொடுங்கள். கேட்ட பிறகு போடுவதில் ஒரு மரியாதை இருக்கிறது. உனக்காகத்தான் இப்போது இதைச் செய்கிறேன் என்று வாய் திறக்காமல் சொல்லிவிடலாம். போன பொங்கலுக்கு என் வீட்டில் அடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டவர்கள் பக்கத்து வீட்டுப் பத்து வயதுப் பையனும் என் கணவரும்தான். வந்தவர்கள் மேசையைச் சுற்றியே நின்றுவிட்டார்கள். ஒருவரையொருவர் அறியாதவர்கள்கூட அந்த இடத்தில் பேசத் தொடங்கினார்கள்.

தக்காளி வாங்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது நாம் எல்லோரும் புலம்பினோம், ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க அரசு ஏற்பாடு செய்தது. அதே தக்காளி, விளைச்சல் பெருகிய மாதங்களில் பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் சாலையோரத்தில் கொட்டப்படுவதையும் பார்த்திருக்கிறோம். பாலக்கோட்டுச் சந்தைக்கும் ஒட்டன்சத்திரத்துச் சந்தைக்கும் கூடை கூடையாகக் கொண்டுவரும் உழவருக்கு, விலை ஏறினாலும் இறங்கினாலும் பாடு ஒன்றுதான். விலை இறங்கிய நாளில் இரண்டு கிலோ கூடுதலாக வாங்கித் தொக்கு போட்டு வையுங்கள். எண்ணெய் நிற்கும் தொக்கு குளிர்சாதனப் பெட்டியில் வாரக்கணக்கில் இருக்கும். விருந்து எப்போது வந்தாலும் பாதி வேலை முடிந்திருக்கும். புட்டிச் சாஸுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு சந்தைக்குப் போகும்.

கடைசியாக, என் மனத்தை உறுத்தும் ஒரு விஷயம். சில மாதங்களுக்கு முன் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த வரவேற்புக்குப் போயிருந்தேன். நீளக் கண்ணாடித் தட்டில் சின்னஞ்சிறு தட்டுவடைகள், மேலே தக்காளி. பார்த்ததும் மகிழ்ந்து போனேன். பக்கத்திலிருந்த அட்டையில் "தென்னிந்திய புருஸ்கெட்டா" என்று எழுதியிருந்தது. பரிமாறிய தம்பியிடம், "இது தட்டுவடை செட்தானேப்பா?" என்றேன். அந்தத் தம்பியும் சேலம் பக்கந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாக, "ஆமாங்கம்மா, எங்க ஊருதுதான்" என்றார். அவர் தன் ஊர்ப் பண்டத்தின் பெயரை ஒரு இரகசியம்போலச் சொன்னது இன்றுவரை என்னை வருத்துகிறது.

தக்காளியின் கதையை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். தென் அமெரிக்க மலைப்பகுதியில் பிறந்து, மெக்சிகோவில் பயிராகி, 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கப்பலேறி ஐரோப்பா போய், அங்கிருந்து நம்மிடம் வந்த பழம் அது. வெளியிலிருந்து வந்தது என்பதால் இன்றும் பல வீடுகளில் திதிச் சமையலில் அதைச் சேர்ப்பதில்லை. ஆனால் நம்மவர்கள் அந்தப் புதுப் பழத்துக்கு அந்நியப் பெயரைச் சூட்டவில்லை. நம் காட்டில் முன்பே இருந்த மணத்தக்காளி, சொடக்குத் தக்காளியோடு உறவு கண்டு, சீமைத்தக்காளி என்று அழைத்தார்கள். பிறகு சீமையும் உதிர்ந்து வெறும் தக்காளி ஆயிற்று. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி நம் மண்ணுக்கேற்ற பி.கே.எம். 1 ரகத்தையே உருவாக்கித் தந்தது. கடல் கடந்து வந்த பழத்துக்கே நம் பெயரைக் கொடுத்து வீட்டுக்குள் அழைத்துக்கொண்டவர்கள் நாம். நம் தெருவில் பிறந்த தட்டுவடைக்கு மட்டும் வேற்றூர்ப் பெயர் எதற்கு?

புருஸ்கெட்டா நல்ல பண்டம். அதைச் செய்யும்போது அந்தப் பெயரைச் சொல்வோம். தட்டுவடை செய்யும்போது தட்டுவடை என்று சொல்வோம். மண்ணெண்ணெய் விளக்கொளியில் நின்று ஒவ்வொரு செட்டையும் கேட்ட பிறகே போட்டுக் கொடுத்த அந்த மனிதர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய குறைந்தபட்ச நன்றி அது.

அன்பானவர்களே, அடுத்த விசேஷத்துக்குத் தேதி குறித்ததும் அரைக் கிலோ அரிசி மாவுக்கும் இரண்டு கிலோ தக்காளிக்கும் சீட்டு எழுதுங்கள். மூன்று நாள் முன்பு தட்டுவடை சுடுங்கள். முந்தின நாள் தொக்கு. விசேஷத்தன்று மாலை தக்காளியை நறுக்கி வடியுங்கள். வாசல் மணி அடிக்கும்வரை ஒன்றை ஒன்றோடு சேர்க்காதீர்கள். வந்தவர் உட்கார்ந்ததும், உங்கள் கையால் அடுக்கி, அவர் கையில் கொடுங்கள். என்ன பண்டம் என்று கேட்டால் தலை நிமிர்ந்து சொல்லுங்கள்: சேலத்துத் தட்டுவடை, எங்கள் வீட்டில் சுட்டது.

அன்புடன்,
உங்கள் விருந்தாளிகளில் ஒருத்தி